முட்டைக்காக வாங்கிப் போன கோழிகள்

கறிக்கோழி வாங்கியவர் மறுநாள் அந்தக் கோழியைப் பற்றிப் பேசக் கடைக்கு வரமாட்டார். முட்டைக்கோழி விற்பவனுக்கு அந்த நிம்மதி கிடையாது. மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் பதினேழு வருஷமாகக் கூண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறேன். முட்டைப் பருவத்துக்கு வந்த கோழி, கேட்பவர்களுக்கு ஒரு மாதக் குஞ்சு, தீவனம், தண்ணீர்த் தட்டு, இவ்வளவுதான் வியாபாரம். மொட்டைமாடியில் நாலு கோழி வளர்க்க ஆசைப்பட்டு மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வருவார்கள். எந்த ரகம் தோதுப்படும் என்று நான் சொல்வேன். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துக் கோழியோடு வருவார்கள், இல்லாவிட்டால் கோழியின் கதையோடு வருவார்கள். நீங்களும் நாய்க்குட்டியோ வண்ணமீனோ விற்றுப் பிழைப்பவராக இருந்தால், இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

பெட்டை என்று சொல்லிக் கொடுத்தது

ஒரு மாதக் குஞ்சுகளில் சேவல் எது, பெட்டை எது என்று பிரிப்பது என் மச்சான் காசிமின் வேலை. கொண்டையையும் காலையும் பார்த்துச் சொல்லிவிடுவான். எப்போதாவது தப்பும். அப்படித் தப்பிய ஒன்று ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ஃபிளாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வாங்கியது ஐந்தாவது படிக்கும் பெண். அப்பா துபாயில், அம்மா வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச்சுத் துணைக்கு அந்தக் குஞ்சுதான். முட்டை வரும் என்று சொல்லித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

நாலாவது மாதம் அது கூவியது. அசோசியேஷன்காரர்கள் ஒரு வாரம் கெடு கொடுத்துவிட்டார்கள். அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தப்பு எங்களுடையது, பதிலுக்கு நல்ல பெட்டையாகத் தருகிறேன் என்றேன். அந்தப் பெண் கூண்டுப் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "கத்தாம இருந்தா வெச்சுக்கலாம்னு சொன்னாங்க அங்கிள். நான் சொன்னா கேக்கும். ஆனா தினமும் எனக்கு முன்னாடியே எழுந்துடுது."

மூன்றாம் நம்பர்

பிரகாஷ் சாருக்கு அடையாறில் வீடு, தரமணியில் வேலை. வரும்போதே எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்தார். எட்டு வெள்ளை லெகார்ன் கேட்டார். சரியான தேர்வு, உடம்பு சிறியது, தீனி குறைவு, முட்டைக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. ஒவ்வொன்றின் காலிலும் நம்பர் போட்ட வளையம் மாட்டி, எது என்றைக்குப் போட்டது என்று லேப்டாப்பில் பதிந்துவந்தார். ஒன்றரை வருஷம் முடிந்ததும் மூன்றாம் நம்பருக்கு முட்டை குறைந்தது. எல்லா லெகார்னுக்கும் ஒருநாள் வருவதுதான். "இன்னும் ஆறு மாசம் வையுங்க சார், நடுநடுவுல போடும்" என்றேன். கிராஃப் இறங்கினால் ஏறாது என்று சொல்லி, அதைக் கொடுத்துவிட்டு இளங்கோழி ஒன்றை வாங்கிப்போனார். முட்டை குறைந்த கோழியை யார் கேட்பார்கள்? இரண்டு நாளில் கறிக்குப் போய்விட்டது.

அடுத்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு வந்தார். அந்த நேரத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. சவரம் செய்யாத முகம். ஆபீஸில் நாற்பத்தைந்து தாண்டியவர்களாகப் பார்த்து அனுப்பிவிட்டார்களாம். பத்தொன்பது வருஷம் ஒரே இடத்தில் இருந்தவர். தீவனம் எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, மூன்றாம் நம்பர் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அது அப்போதே கறிக்குப் போய்விட்டது என்றேன். "பரவாயில்ல பாய். ஆறு மாசம் வைக்கத்தான் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

வெறும் கூடு

தி.நகரில் வளையல் கடை வைத்திருப்பவர் ஒருவர். மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. நாட்டுக்கோழி முட்டையை விடாமல் சாப்பிட்டால் தங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எந்த முட்டையும் ஒன்றுதான், மருந்தெல்லாம் டாக்டரிடம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். தினம் முட்டை வேண்டுமென்றால் பழுப்பு ரகம் வாங்குங்கள், நாட்டுக்கோழியில் சிறுவிடை ரகம் பதினைந்து போடும், பிறகு முட்டையை மறந்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும் என்றும் சொன்னேன். கேட்கவில்லை. சிறுவிடைதான் வேண்டும் என்று ஒன்று வாங்கிப்போனார்.

இரண்டு மாதம் கழித்து நேரில் வரவில்லை, போன் செய்தார். கோழி படுத்துவிட்டது, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது என்றார். சீக்கு என்று நினைத்து, மூக்கில் தண்ணீர் வடிகிறதா, எச்சம் எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தேன். நடுவிலேயே நிறுத்திச் சொன்னார்: "சீக்கெல்லாம் இல்ல பாய். முட்டையே இல்லாத கூட்டுல உக்காந்து அடைகாத்துட்டிருக்கு. என் பொண்ணு எதிர்ல உக்காந்து அதையே பாத்துட்டிருக்கா. யாரையாவது அனுப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

ஏழாவது மாடி

செல்வி அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தவள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள், வீட்டில் கோழி வளர்ப்பாள். தினம் முட்டை போடும் ரகம் வாங்கிக்கொள் என்று ஒரு தடவை சொன்னேன். "அடை குந்தாத கோழிய வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?" என்று சிரித்தாள். அவள் சொன்னதும் சரிதான். அதிகம் போடும் ரகங்களுக்குத் தாய்மை கிடையாது. போட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

ஆற்றோரத்தைக் காலி பண்ணச் சொல்லி ஊருக்கு வெளியே வீடு ஒதுக்கினார்கள், ஏழாவது மாடியில். சாமான் ஏற்ற வண்டி வந்த அன்று அவளுடைய கோழி பதினோரு முட்டையின்மேல் உட்கார்ந்திருந்தது, பத்தாவது நாள். மற்ற கோழிகளை விற்றுவிட்டாள். இதை மட்டும் கூடையோடு மடியில் வைத்து, முட்டை ஆடாமல் கொண்டுபோயிருக்கிறாள். எட்டு பொரித்தது. மாடி வராந்தாக் கம்பி இடுக்கில் மூன்று கீழே விழுந்துவிட்டன. மிச்சம் ஐந்தையும் தாயையும் இரண்டு பஸ் மாறி என்னிடம் கொண்டுவந்தாள். மண் உள்ள வீடாகப் பார்த்துக் கொடு என்றாள். குஞ்சு பெரிதாகும்வரையாவது வைத்திருக்கலாமே என்று கேட்டேன். கூடையைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "தாயி சிமிட்டித் தரைய கால்ல கீறிக்கினே கீது பாய். அதப் பாத்து குஞ்சுங்களும் கீறுதுங்க. இன்னா வரும் அதுல?"

காலையில் இரண்டு

சித்திரைக்குளம் பக்கத்திலிருந்து வந்தார் சேஷாத்ரி சார். ரிட்டயரானவர். முதல் நாள் கடைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார். மனைவிக்குப் புற்றுநோய், மருந்து ஏற்றியதில் உடம்பு கரைந்துவிட்டது, தினம் முட்டை கொடுக்க டாக்டர் சொல்லிவிட்டார். "எங்காத்துல இதுவரைக்கும் முட்டை வந்ததில்லை" என்றார். கடையில் வாங்கினால் தெருவில் பேசுவார்கள் என்பது ஒன்று. அதைவிட அவரை உறுத்தியது வேறு. சேவல் இல்லாமலே கோழி முட்டை போடுமா என்று கேட்டார். போடும், அது குஞ்சாகாது என்றேன். "அப்போ அதுல உயிர் கிடையாது, இல்லையோ?" என்று இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

பழுப்பு ரகத்தில் இரண்டு கொடுத்தேன். சாது, பறக்காது, ஒருநாள் விட்டாலும் மறுநாள் போட்டுவிடும். மாடியில் தனி அடுப்பு வைத்து, வாழ்நாளில் முட்டையைத் தொடாதவர், தானே வேகவைத்து உரித்துக் கொடுத்தார். தீவனம் வாங்க வரும்போது சொல்வார். சாயங்காலம் அந்த அம்மாள் மாடியில் நாற்காலி போட்டு உட்காருவாராம். மனிதர்களோடு பேசக் களைப்பாக இருக்கிறது என்று கோழிகளோடு பேசுவாராம். பத்து மாதம் இப்படிப் போனது.

பிறகு ஒரு மாதம் அவர் வரவில்லை. வந்தபோது தலையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், மொட்டை அடித்து முடி குத்துக்குத்தாக வளர்ந்திருந்தது. நானாகவே கோழிகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் பேசிய பேச்சையெல்லாம் கேட்டவை, எப்படிக் கொடுப்பது என்றார். வழக்கமான தீவனப் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "முட்டையை மட்டும் நிறுத்தறதுக்கு ஏதாவது வழி இருக்கா பாய்? காலம்பற ஆனா ரெண்டு வந்து கெடக்கறது."

எந்த ரகம் எத்தனை முட்டை போடும் என்று யார் கேட்டாலும் இன்றைக்கும் தயங்காமல் சொல்லிவிடுவேன்; எதற்கு என்று மட்டும் நான் திருப்பிக் கேட்பதில்லை.