மேசையக்கா மறந்த இரண்டாவது குஷன்

பேச்சுவார்த்தை மண்டபத்தில் எல்லோருக்கும் அவள் மேசையக்காதான். மேசை நாற்காலி போடுவது அவள் பொறுப்பு. இந்தப் பக்கம் ஒரு தண்ணீர் டம்ளர் வைத்தால் அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒன்று வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாடுகளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இரண்டு வல்லரசுகள் மல்லுக்கு நின்றதில் கப்பல் வரத்து நின்றுபோனது. இவர்கள் கோதுமை இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடு இல்லை, அவர்கள் இயந்திரம் இல்லாமல் இவர்களுக்குத் தொழிற்சாலை இல்லை. வீம்புக்கு மட்டும் இருவரிடமும் குறைச்சல் இல்லை. நடுவில் அவள் புருஷன் மாதக்கணக்கில் சவரம்கூடச் செய்யாமல் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

சமாதானம் பேச இரு தூதர்களும் அவள் மண்டபத்துக்கே வந்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை.

"அக்கா, எங்க ஐயாவுக்கு முதுகு வலி. ஒரு குஷன் கிடைக்குமா?" என்றார் குட்டையரின் உதவியாளர். பாவமே என்று எடுத்துக் கொடுத்தாள். எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று கொடுக்க மறந்துபோனாள்!

எதிராளி திடீரென்று வளர்ந்துவிட்டதை நெட்டையர் கவனித்தார். அவர் பக்கத்தார் இரண்டு கேட்டார்கள். குட்டையர் பக்கத்தார் மூன்று கேட்டார்கள். மதியத்துக்குள் மண்டபத்துக் குஷன் அத்தனையும் காலி. இரண்டு வல்லரசும் கால் தரையில் படாமல் பரண்மேல் பாத்திரம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. குனிந்து காகிதத்தைப் படிக்கவும் வழியில்லை, முதலில் இறங்கினால் மானம் போய்விடும்.

"பேச்சை ஒத்திவச்சிடலாமா?" என்று ஓர் அதிகாரி இழுத்தார். மேசையக்கா முன்னால் ஓடி வந்தாள். ஒத்திவைத்தால் கப்பல் ஏது?

"சார், தப்பு என்னோடது. நான் மூணு எண்ணுறேன். ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கிடுங்க" என்றாள்.

எண்ணினாள். இருவரும் அசையவில்லை. மற்றவர் இறங்கட்டும் என்று இருவருமே காத்திருந்தார்கள்.

"அடக் கடவுளே, பச்சைப் புள்ளைங்களே தேவலை!" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் பழக்கதோஷத்தில் அதையும் மொழிபெயர்த்துவிட்டார்.

குட்டையருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் குஷன்கள் வழுக்க, அவர் மேசைக்கு மேலாக நெட்டையரின் கையை எட்டிப் பிடித்தார். பிடித்ததில் இருவருமே சறுக்கி வெறும் நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்புறம்தான் பேச்சே தொடங்கியது.

சில நாள் கழித்து வீட்டில் போன் அடித்தது. கேட்டுவிட்டுப் புருஷன், "நாளைக்குக் காலைல வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க" என்று சாதாரணமாகச் சொல்லி, சவரம் செய்யப் போனான்.

மேசையக்கா அடுக்களையில் நின்று ஓவென்று அழுதாள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவன் ஓடி வந்தான்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க போய் மீதியையும் மழிங்க."