மில் வேனில் வந்த பிள்ளைகள்

நேற்று சிங்காநல்லூர் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தேன். பக்கத்தில் ஒரு மில் வேன் வந்து நின்றது. ஷிப்ட் முடிந்த பெண்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து பஞ்சும் டீசலும் கலந்த வாசனை வந்தது. அந்த வாசனை வந்தால் இன்றும் முன்சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். ஏனென்று சொல்கிறேன்.

அப்போது நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. தலைமையாசிரியர் தும்மினாலே எழுந்து நின்றுவிடுகிற ஆள். பள்ளியை ஒட்டியிருந்த குளக்கரை வீடுகளை இடித்துவிட்டு, அடுக்குமாடி தயாராகும்வரை என்று சொல்லி அங்கிருந்தவர்களைப் பைபாஸுக்கு அப்பால் தகரக் கொட்டகைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். வெயிலில் காய்ந்த தகரத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. பிள்ளைகளின் சீருடையில்கூட அது ஒட்டியிருக்கும். கொஞ்ச நாளில் அந்த வாசனையும் வகுப்புக்கு வரவில்லை, பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். எல்லோரிடமும் இலவச பஸ் பாஸ் இருந்தது. அந்தப் பக்கம் பஸ்தான் இல்லை.

நான் வேன் கேட்டு நாலு இடம் அலைந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நாங்கள் கேட்காத ஒரு நூற்பாலையிலிருந்து மேனேஜர் தானாகவே பள்ளிக்கு வந்தார். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வேன் காலியாகத்தான் திரும்புகிறது, பிள்ளைகளை ஏற்றிக்கொள்கிறோம், காசெல்லாம் வேண்டாம் என்றார். தலைமையாசிரியர் அவருக்குப் போர்த்த சால்வை தேடினார்.

செய்தி சொல்லக் கொட்டகைக்குப் போனேன். கட்டட வேலைக்குப் போகும் மாரியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் மகள் செல்வி என் எட்டாம் வகுப்பு.

"ஏனுங்க டீச்சர், சும்மா எவனுங்க டீசல் ஊத்துவான்?"

"நல்ல மனசு இருக்கறவங்க இருப்பாங்கல்ல மாரியம்மா."

"இருப்பாங்க. எந்தங்கச்சியக் கூட்டிட்டுப் போனதும் மில் வேன்லதானுங்க. படிச்சிட்டிருந்த புள்ள. இருமிட்டேதான் திரும்பி வந்தா." முறத்தைத் திரும்ப எடுத்தபடி சொன்னாள்: "நாளைக்கு ஆள் வேணும்னு இன்னிக்கே புள்ளைங்களுக்கு வேனைப் பழக்கறாங்களாட்ட இருக்குதுங்க."

ஆனால் படிப்பும் போகக்கூடாது. அதனால் தினமும் ஒரு தாய் வேனில் கூடவே வருவது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். வேலைக்குப் போகாத நாளிலெல்லாம் மாரியம்மாவேதான் வருவாள். டிரைவர் பழனிச்சாமி சாதுவான மனிதர். ஒருநாள் கடலைமிட்டாய் வாங்கி வந்து கொடுத்தார். மாரியம்மா முதலில் ஒன்றைத் தின்றாள். வெகுநேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கொடுத்தாளாம். செல்வி சொல்லி நான் சிரித்தேன். ஆனால் அந்தச் சந்தேகம் ஜலதோஷம் மாதிரி எனக்கும் தொற்றிக்கொண்டது. பஞ்சர் ஆகி வேன் தாமதமான அன்று, சாக்பீஸ் கையோடு ரோடுவரை ஓடிவிட்டேன்.

ஒரு காலை வேன் வரவேயில்லை. முதல் மணி அடித்து நெடுநேரம் கழித்து, பிள்ளைகள் ரோட்டோரமாக வரிசையாக நடந்து வந்தார்கள். முன்னால் மாரியம்மா, முகமெல்லாம் வேர்வை.

வழியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பித் திரும்பிப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். "எட்டாவதா கண்ணு? இன்னும் எதுக்குப் படிச்சுட்டு? ஊட்டுல அக்கா யாராச்சும் இருக்குதா?" கேட்டதெல்லாம் பெண்பிள்ளைகளை மட்டும். பையன்களிடம் பேர்கூடக் கேட்கவில்லை. மாரியம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, "எறங்குங்க சாமி" என்று அத்தனை பேரையும் இறக்கி நடத்திக் கூட்டி வந்துவிட்டாள்.

பின்னாலேயே பழனிச்சாமி வந்தார். "மேனேஜர் ஏத்திக்கச் சொன்னாருங்க அம்மணி. ஆருன்னு எனக்கும் தெரியாதுங்க."

"ஆருன்னு தெரியாமயே ஏத்தியிருக்கறீங்க பாருங்க, அதுதானுங்க எனக்குப் பயம்" என்றாள் மாரியம்மா.

தலைமையாசிரியருக்கு வேன் நின்றுவிடுமே என்ற கவலை. "விடும்மா, படிப்பைப் பத்தித்தான விசாரிச்சிருக்காரு" என்றார்.

"பொண்ணுங்களை மட்டும் எதுக்கு சார் விசாரிக்கணும்?"

கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முன்சீட்டில் இனி ஒரு தாய்தான் உட்காருவாள், வேறு யார் ஏறினாலும் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள் என்று மாரியம்மா சொன்னாள். பழனிச்சாமி தலையாட்டினார். மேனேஜரிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, மறுநாளும் வேன் வந்தது. மேனேஜர்தான் அதற்கப்புறம் பள்ளிப் பக்கம் வரவில்லை. அவர் நல்ல எண்ணத்தில்தான் வேனைக் கொடுத்தாரா, அந்த வெள்ளைச் சட்டைக்காரர் யார், எனக்கு இன்றுவரை தெரியாது. கொட்டகைகள் இருந்தவரை அந்த வேனில் வந்த பெண்பிள்ளை ஒன்றுகூட மில்லுக்குப் போகவில்லை. அது மட்டும் தெரியும். செல்வி இப்போது நர்சிங் படிக்கிறாள்.

அப்புறம் வெவ்வேறு அடுக்குமாடிகளில் குலுக்கல் போட்டு வீடு கொடுத்தார்கள். அக்கம்பக்கமாக இருந்தவர்கள் ஊரின் நாலு மூலைக்கும் பிரிந்து போனார்கள். தகரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போனார்கள். இப்போது அந்த இடத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன, விற்பனைக்கு.

போன மாதம் மாரியம்மாவைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடி. காலை நேரம், கீழே வேன்கள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின. எந்தப் பள்ளி வேன், யாருடைய வேன் என்று கேட்க அங்கே யாரும் நிற்கவில்லை. வேலைக்குப் போகிற அவசரம் எல்லோருக்கும். மாரியம்மா டம்ளரைக் கையில் வைத்தபடி கம்பி வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயிருந்து பாத்தா வண்டி தெரியுதுங்க டீச்சர்" என்றாள். "உள்ள ஆரு உக்காந்திருக்கறாங்கன்னு தெரியறதில்லீங்க."