தேள் விஷத்தில் ஆட்டு முடி

ஓசூரில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் தலைவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அப்படித்தான். மத்தூர்ப் பக்கம் கல்லைப் புரட்டிப் பிடித்து வந்த செந்தேள்களின் கொடுக்கிலிருந்து விஷம் எடுப்பேன். அதில் என்னென்ன புரதம் இருக்கிறது, எது நஞ்சு என்று கருவியில் பிரித்துப் பார்ப்பதும் நான்தான். ரிப்போர்ட்டில் பெயர் மட்டும் அவருடையது.

விஷம் பிடிக்கும் குழாயில் நம் தலைமுடி விழுந்தால் அதன் புரதமும் விஷத்தோடு சேர்ந்துவிடும். அதற்காக எல்லாருக்கும் ஒரு தொப்பி, எனக்கு மட்டும் இரண்டு. "கிராமத்து ஆளுங்களுக்குச் சுத்தம் வராதும்மா" என்பார். அவரோ ஓசூர்க் குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டரோடுதான் உள்ளே வருவார், அங்கியும் போடமாட்டார்.

மார்கழியில் ஒருநாள் எந்தத் தேளிலும் இல்லாத ஒரு புரதம் தெரிந்தது. புது நஞ்சு என்று ஊரெல்லாம் போன் போட்டார். தேள்களின் புரதப் பட்டியலோடு மட்டும் ஒப்பிட்டால் எதுவும் புதுசாகத்தான் தெரியும். நான் மற்ற உயிர்களின் பட்டியலிலும் தேடினேன். செம்மறியாட்டு முடி என்று வந்தது.

எல்லார் முன்னாலும் அந்தத் தாளை நீட்டினேன். படித்துவிட்டு, "உன் தலையிலிருந்து விழுந்திருக்கும்" என்றார்.

"என் தலையில ஆட்டு முடி முளைக்காது சார். உங்க ஸ்வெட்டரைப் பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஸ்வெட்டரைக் கழற்றவும் இல்லை.

மறுநாள் என் மேஜையில் மூன்றாவது தொப்பி இருந்தது.