அக்காவின் சபைக் கதவு

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பல விதமாக அறிவீர்கள். சிலருக்கு அவர் பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் வயதான இத்தாலியச் சிஞோராக்களைப் பராமரித்த பொறுமைசாலி. சிலருக்கு, வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போகும்போது துணைக்கு வந்த மனுஷி. கூடப்பிறந்த தம்பி என்ற உரிமையில் நான் அறிந்த அக்காவை இங்கே எழுதுகிறேன். முகத்துக்கு முன்னால் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. இந்த முறை என்னைத் தடுக்க அவர் இல்லை.

அக்கா யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்களுடையது அமெரிக்க மிஷனரிமார் காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பம். அந்த நாளில் விடுதிப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, கடலுக்கு அப்பாலிருந்து அவர்களின் படிப்பைப் பொறுப்பேற்றவர்களின் பெயரைச் சூட்டுவது வழக்கம். எங்கள் பூட்டனாருக்கும் அப்படி ஒரு பெயர் விழுந்தது. அது இன்றுவரை எங்களை விடவில்லை. பலெர்மோவில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கடதாசியையும் எங்கள் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார். "அமெரிக்கானா?" என்று கேட்ட ஒருவருக்கு அக்கா இத்தாலியனில் "கொஞ்சம்" என்று பதில் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் "கொஞ்சத்தை" அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் ஊருக்கு வந்த மிஷனரிமார் நியூ இங்கிலாந்துக்காரர். முன்னொரு காலத்தில், அரசனின் சபைக்கு அடங்கமாட்டோம் என்று இங்கிலாந்தை விட்டுக் கப்பலேறி, முதல் குளிரிலேயே பாதிப் பேரைப் புதைத்துவிட்டு, மிஞ்சியவர்களோடு அமெரிக்கக் கரையில் ஊர் அமைத்த பக்திக்காரரின் வழிவந்தவர்கள். ஞாயிறு பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் சிங்கக் கெபியையும் பெரிய மீனையும் மனதில் வைத்திருந்தார்கள். அக்கா வைத்திருந்தது அந்தக் கப்பலை. போதகர் கூட வராவிட்டாலும், நாலு பேர் கடவுளுக்கு முன்னால் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தால் அது சபைதான் என்று அந்த மனிதர்கள் நம்பினார்கள். வேதத்தை ஒவ்வொருவரும் தானே வாசிக்க வேண்டும் என்று நின்றார்கள். அந்தப் பிடிவாதம் கடல் கடந்து எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாகியது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பெண் இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்த அக்காவின் படிப்பை யுத்தம் நிறுத்தியது. இடம்பெயர்ந்த இடத்தில் திருமணம் நடந்தது. அத்தான் முன்னே பலெர்மோவுக்கு வந்து சியாகுல்லியில் மண்டரின் தோட்டங்களில் வேலை செய்தார். அக்கா பிறகு வந்தார். அதற்கும் பிறகு, அவருடைய விடாமுயற்சியால் நான் வந்து நகரின் இன்னொரு மூலையான பிரான்காச்சோவில் குடியேறினேன். மாலைவேளையில் உணவகச் சமையலறை ஒன்றில் இன்றும் பாத்திரம் கழுவுகிறேன்.

இந்த நகரத்தில் எங்கள் சனத்துக்குக் குறைவில்லை. கத்தோலிக்கருக்குப் பங்கு இருந்தது, சைவர்களுக்குக் கோயில் இருந்தது. எங்களைப்போல் இரண்டிலும் சேராத சில குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துத் தரிப்பில் சந்தித்துச் சுகம் விசாரிப்பதோடு சரி. போதகர் கிடைக்கட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். "கப்பலிலை வந்தவை போதகர் வருமட்டும் காத்திருந்தவையோ?" என்று அக்கா கேட்டார். சீசாவில் ஒரு பழைய தச்சுப் பட்டறையை வாடகைக்குப் பிடித்தார். அதன் சொந்தக்காரரான வயதான தச்சர் மேல்மாடியில் குடியிருந்தார். மரத்தூளைக் கூட்டி அள்ளிக் கதிரை போட்டு, ஒருவரையொருவர் கைவிடமாட்டோம் என்று கடவுளுக்கு முன்னால் வாக்குக் கொடுத்தோம். அதுதான் எங்கள் சபை.

அங்கே எதையும் கை உயர்த்தித்தான் தீர்மானிப்போம். மிஷனரிமார் விட்டுப்போன பழக்கம் அது. கையை எண்ணுவது என் வேலை. பாட்டுக்கு ஆர்மோனியமா கீபோர்ட்டா என்ற கேள்வி வந்தபோது இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தது. கடைசியில் பின்னால் ஒரு கை தலைகளுக்கு மேலே தெரிய, கீபோர்ட் பக்கம் சேர்த்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். கீபோர்ட் வாங்கி வந்த பிறகுதான் தச்சர் என்னைப் படியில் மறித்து, தான் வாசலில் நின்று கையை உயர்த்தி வணக்கம் சொன்னதற்கு ஏன் அவ்வளவு பேரும் கைதட்டினீர்கள் என்று கேட்டார். நானோ ஆர்மோனியக் கட்சி. என் தோல்வியை நானே எண்ணி அறிவித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து, "கை எண்ண முன்னம் கதவைச் சாத்துங்கோ" என்பது எங்கள் சபையின் முதற் சட்டமாகியது. நான் ஆர்மோனியத்தை ஒவ்வொரு கிழமையும் கிளறியதால் இரண்டாவது சட்டமும் வந்தது. முடிந்த தீர்மானத்தை, அதற்குக் கை உயர்த்திய ஒருவர்தான் மறுபடியும் எடுக்கலாம். தோற்றவர் வாயை மூடவேண்டும். அக்கா இதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

அந்தச் சட்டம் ஒருநாள் அக்காவின் கழுத்தையே பிடித்தது.

தவமணி சீசாவில் அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருப்பவர், யாழ்ப்பாணத் தீவுப்பகுதிச் சைவக் குடும்பம். அவருடைய கணவர் திடீரென்று காலமானார். முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கும் மதிய போசனத்துக்கும் இடம் கிடைக்கவில்லை. எங்கள் வீடுகளோ நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். அவர் அக்காவிடம் பட்டறையைக் கேட்டார். அக்கா அதை ஞாயிற்றுக்கிழமை சபையில் வைத்தார்.

"எங்கடை ஆக்கள் ஏன் கப்பலேறினவை? விக்கிரகம் வேண்டாம் எண்டுதானே? அதை இஞ்சை கொண்டுவந்து வைக்கிறதோ?" என்று ஒரு மூத்தவர் கேட்டார். கேட்டவர் கெட்டவர் அல்லர், விசுவாசத்தில் உறுதியானவர்.

அக்கா எழுந்து நின்றார்.

"அவையள் தங்கடை மாதிரிக் கும்பிட விடுதலை தேடித்தான் போனவை. ஆனால் போய் இறங்கினபிறகு, அவையும் பின்னாலை கப்பலேறி வந்தவையும் வேறை மாதிரிக் கும்பிட்டவையை ஊரைவிட்டுத் துரத்தினவை. வீட்டிலை கூட்டம் வைச்சு வேதம் கதைச்ச ஒரு மனுசியைத் துரத்தினவை. சிலபேரைத் தூக்கிலையும் போட்டவை. அவையின்ரை நல்லது எல்லாத்தையும் நாங்கள் எடுத்திட்டம். இதையும் எடுக்கவேணுமோ?"

தனக்கு உயிரான கதையின் மற்றப் பக்கத்தை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். எங்கேயோ தேடி வாசித்து, வாசித்ததை உள்ளே வைத்துக்கொண்டு, அந்த மனிதர்களை விடாமல் நேசித்தும் இருக்கிறார். என் அக்காவைப் பார்த்து நான் அசந்துபோன நாட்களில் அது ஒன்று.

கதவைச் சாத்தினோம். எண்ணினேன். இடம் கொடுப்பதில்லை என்ற பக்கம் வென்றது. அந்தப் பக்கத்தில் அத்தானின் கையும் இருந்தது.

அக்கா தோற்ற பக்கம். அவர் போட்ட சட்டப்படி இனி அவர் வாயைத் திறக்க முடியாது. வீட்டுக்குப் போகும் வழியில் நான் பொறுக்கமாட்டாமல், "அத்தானிட்டை ஒரு வார்த்தை சொல்லுங்கோவன். அவர் கேட்டால் திரும்ப எடுக்கலாம்தானே" என்றேன்.

"மற்றவை சொல்லி உயர்த்திற கையெண்டால் பிறகு சபை எதுக்கு?" என்றார் அக்கா. "நீயும் அவரோடை கதைக்காதை."

நானும் கதைக்கவில்லை. அக்கா நேரே தவமணி வீட்டுக்குப் போய், மறைக்காமல் உண்மையைச் சொன்னார். "பரவாயில்லை அக்கா, உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்று தவமணி சொன்னாராம். அக்கா அந்தக் கிழமை முழுவதும் வேலை முடிந்ததும் அங்கே போய், எங்கே நடக்கும் என்று தெரியாத போசனத்துக்குப் பருப்பும் அரிசியும் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் அத்தானுக்குச் சாப்பாடு குறையவில்லை, முகம் கோணவும் இல்லை. அத்தானுக்கு அதுதான் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, ஜெபம் முடிந்ததும் அத்தான் எழுந்தார். சபையில் அதிகம் பேசாத மனிதர்.

"தச்சர் சாம்பிராணிப் புகைக்கு ஏசி எங்களை இஞ்சையிருந்து எழுப்பிப்போடுவார் எண்ட பயத்திலை கை உயர்த்தினனான். நேற்று அவரிட்டைப் போய்க் கேட்டன். காலமெல்லாம் மரத்தூள் குடிச்சவனுக்குச் சாம்பிராணியோ பெரிசு எண்டு சிரிக்கிறார்." அந்த மூத்தவர் பக்கம் திரும்பினார். "நான் வந்த புதுசிலை, சியாகுல்லியிலை, மழைக்குள்ளை படுக்க இடமில்லாமல் நிண்டனான். தன்ரை அறைக் கதவைத் திறந்துவிட்டது செத்துப்போன இந்த மனுசன்தான். அவற்றை சாமிப்படத்துக்குக் கீழைதான் என்ரை பாய் கிடந்தது. அப்ப நான் விக்கிரகம் எண்டு சொல்லேல்லை. போன கிழமை உயர்த்தின கையை இண்டைக்கு இறக்கிறன். திரும்ப எண்ணுங்கோ."

திரும்ப எண்ணினேன். இடம் கொடுப்பதென்று தீர்ந்தது. அக்கா குனிந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். பக்கம் தேடுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்ததை நான் பார்த்தேன்.

கிருத்தியம் ஒழுங்காக நடந்தது. தச்சரும் துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொடுக்கும் தங்கள் வழக்கப்படி ஒரு பெரிய தட்டில் பாஸ்தா கொண்டுவந்தார், அடி முடி எல்லாம் இறைச்சி. சைவப் போசனத்துக்கு நடுவே அதை என்ன செய்வது? அக்கா இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, பின்கதவால் எங்கள் பிள்ளைகளிடம் அனுப்பிவிட்டார். தட்டு கழுவித் திரும்பிப் போனபோது தச்சருக்குப் பரம திருப்தி.

இதற்காக இரண்டு குடும்பங்கள் சபைக்கு வராமல் நின்றன. அக்கா இரண்டு வீட்டுக்கும் போனார். ஒரு குடும்பம் திரும்பி வந்தது. மற்றது வரவில்லை. கைவிடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோமே என்று அக்கா அதை நினைத்துக் கடைசிவரை வருந்தினார்.

பிறகு நோய் வந்தது. வைத்தியசாலையில் ஒருநாள் அக்கா, தன்னை இங்கே அடக்கம் செய்வதா பண்டத்தரிப்புக்குக் கொண்டுபோவதா என்று தான் சொல்லப்போவதில்லை என்றார்.

"இருக்கிறவை கை உயர்த்தட்டும்."

"அம்மா, பெர் ஃபவோரே, இப்ப உதைக் கதைக்காதேங்கோ" என்று மகள் கெஞ்சி அழுதார்.

"இப்ப கதைக்காமல் பிறகு நானோ வந்து கதைக்கிறது?" என்று அக்கா கேட்டார். மகள் அழுகையோடு சிரித்தார். சில நாட்களில், நித்திரையிலேயே அக்கா கர்த்தருக்குள் அடங்கினார்.

பட்டறையில் கூடினோம். உள்ளே இடம் போதாமல் சனம் தெருவரைக்கும் நின்றது. நான் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன். அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் அவர் இருக்க வேண்டும் என்று எனக்கு உயிரான ஆசை. மகள் எழுந்து, "எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலை அம்மாவிட்டைப் போகவேணும், மாமா" என்று மட்டும் சொன்னார். எண்ணுவதற்கு நான் வழக்கம்போல் கதவைச் சாத்தப் போனேன்.

"இண்டைக்குச் சாத்தவேண்டாம்" என்றார் அத்தான்.

"அத்தான், வெளியிலை நிக்கிறவை சபை இல்லையே."

"அவளுக்குத் தெரிஞ்சவைதானே. எண்ணு."

இங்கேயே அடக்கம் செய்ய விரும்புகிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். உள்ளே எண்ணிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் தவமணியின் கை உயர்ந்திருந்தது. அக்கா குவெஸ்தூராவுக்குத் துணைபோன மன்னார்க் கத்தோலிக்கப் பெண்களின் கைகள் உயர்ந்திருந்தன. திரும்பி வராத அந்தக் குடும்பமும் அங்கே நின்று கை உயர்த்தியிருந்தது. அதற்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.

அக்கா பலெர்மோ மண்ணில் உறங்குகிறார். நான் மறுபடியும் தோற்ற பக்கம், ஆகையால் சட்டப்படி வாயை மூடிக்கொண்டேன். நோயில் முறை வைத்துப் பார்த்தவர்களுக்கும், சமைத்து அனுப்பியவர்களுக்கும், கல்லறைவரை நடந்து வந்தவர்களுக்கும், தூரதேசங்களிலிருந்து அழைத்துக் கூட அழுதவர்களுக்கும், எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது. அன்று தெருவில் உயர்ந்த கைகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவற்றுள் கடைசியாக நான் கண்டது தச்சருடைய கை. மகள் அவர் காதருகே குனிந்து விஷயத்தை இத்தாலியனில் சொன்ன பிறகுதான் அவர் அதை உயர்த்தினார். இந்த முறை அது வணக்கம் சொல்ல உயர்ந்த கை அல்ல. அதை மட்டும் விடாமல் எண்ணிக்கொண்டேன், அக்கா.