சாமித்தட்டில் எரிமலைச் சாம்பல்

என் தங்கை எரிமலைகளைப் பற்றிப் படித்தவள். ஜப்பானின் தெற்கே சக்குராஜிமா என்ற மலைக்கு எதிரே அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. கையெழுத்துப் போடுமுன் அம்மாவிடம் நேரில் கேட்கவேண்டும் என்று ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கலாநிதிப் பட்டம் வாங்கியவள், ஆனாலும் அம்மா ஓம் சொல்லாமல் போகமாட்டாள். அம்மாவோ பத்து நாளாக ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. புட்டு மட்டும் அவித்துக்கொண்டிருந்தார்.

காட்டுவதற்கென்று தங்கை ஒரு சின்னப் போத்தலில் அந்த மலையின் சாம்பலைக் கொண்டுவந்திருந்தாள். அம்மாவுக்குச் சொல்லாமல் அதைச் சாமித்தட்டில் வைத்த புத்திசாலி நான்தான். எங்கள் வீட்டில் புதுச்சாமான் எதுவும் முதலில் சாமிக்கு முன்னால்தான் போகும். டோர்வல் விமானநிலையத்தில் எனக்குக் கிடைத்த வேலைக் கடிதமும் போனது. பனி அள்ளும் சவள்கூட அங்கே சாய்ந்து நின்று சந்தனப் பொட்டு வாங்கியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அம்மா குளித்துவிட்டுப் போத்தலைத் திறந்தார். மகள் ஏதோ கோயிலில் இருந்து திருநீறு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து, மூன்று விரலால் தன் நெற்றியில் இழுத்து, நான் வாய் திறக்குமுன் எனக்கும் பூசிவிட்டார்.

"இதென்னடா, குறுமணல் மாதிரி அறுக்குது?"

தங்கை பல் தீட்டியபடியே ஓடிவந்தாள். "தேய்க்காதேங்கோ, ரெண்டு பேரும் போய்க் கழுவுங்கோ. அது விறகு எரிஞ்ச சாம்பல் இல்லையம்மா. மலை வெடிக்கேக்க நொறுங்கின கல்லும் கண்ணாடியும்."

கழுவிவிட்டு மேசையில் இருந்தோம். இரண்டு நெற்றியும் சிவந்திருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பத்து நாளாக யாரும் தொடாத கதையை அம்மாவே தொடங்கினார்.

"அந்த மலை எங்க நிக்குது?"

தங்கை தன் சாப்பாட்டுத் தட்டைக் காட்டினாள். தட்டு முழுவதும் ஒரு பழைய பெரிய எரிமலையின் வாய், அது இடிந்து தாழ்ந்து இப்போது அதற்குள் கடல் நிற்கிறது. தெற்கு விளிம்பில் அவள் குவித்த புட்டுத்தான் சக்குராஜிமா. முன்பு அது தீவு. நூறு வருடத்துக்கு மேலாகிறது, தீக்குழம்பு வழிந்து இடையில் இருந்த கடலை மூடிக் கிழக்குக் கரையோடு ஒட்டவைத்துவிட்டது. அதற்குக் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிக் காட்டினாள். எதிர்க்கரை நகரத்துக்கு என் சம்பல் கிண்ணம் போனது. அங்கே சாம்பல் விழுந்தால் சனம் குடை பிடித்துக் கடைக்குப் போகுமாம். கூட்டி அள்ளிப் போட நகரசபை பையும் கொடுக்குமாம்.

அம்மா குழம்பு ஊற்றிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போனாப் பிறகும் வெடிக்குமோ?"

"ஓம் அம்மா. அது அடிக்கடி வெடிக்கிற மலை."

மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். பொய் சொல்லத் தெரியாத பிறவி. காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

"அப்ப நீ அங்க என்ன செய்வாய்?"

"உள்ளுக்குக் குழம்பு சேரச் சேர நிலம் கொஞ்சம் கொஞ்சமா வீங்கும். நாங்கள் அதை அளக்கோணும். பெரிசா வெடிக்கப்போகுதெண்டால் சனத்தை முன்னமே வெளிக்கிடச் சொல்லோணும்."

அம்மா சம்பல் கிண்ணத்தைக் குழம்பு படாமல் தள்ளி வைத்தார்.

"ஊரில ஷெல்லடிக்கேக்க எங்களை முன்னமே வெளிக்கிடச் சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லை," என்றார். "நீ போய் அந்தச் சனத்துக்குச் சொல்லு."