மகள் ஊர் நேரம்

டயாலிசிஸ் மையத்தின் கணினி அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அறை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். எழுந்து நின்றால் தலை இடிக்கும். அதற்குள் ஒரு சர்வர், ஒரு மேசை, முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் ஒரு ஏ.சி., அப்புறம் சிஸ்டம் சார். அவருக்கு வேறு பெயர் இருந்தது மையத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"என்ன சார், இருட்டுல உக்காந்து பேய் ஓட்டுறீங்களா?" என்று தலைமை சிஸ்டர் எட்டிப் பார்ப்பார்.

"பேய்னா பரவால்ல சிஸ்டர், சொன்னா கேக்கும். இது ப்ரோக்ராம்."

மனைவி இறந்த பிறகு அந்த அளவு பேச்சும் குறைந்துவிட்டது. மிச்சமிருந்தது கடல் தாண்டி வேலை பார்க்கும் ஒரே மகள். அம்மா போன செய்தியை அவர் சொன்னபோது அங்கே ஊர் அடங்கியிருந்தது. அதற்கப்புறம் அகால நேரத்தில் போன் அடித்தாலே அவளுக்குப் பயம். ஒருமுறை இவர் நேரம் பார்க்காமல் கூப்பிட்டுவிட்டார்.

"அப்பா, என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லடா பாப்பா. சும்மாதான் கூப்ட்டேன்."

"சும்மாவா? எனக்கு உசுரே போயிடுச்சுப்பா. இங்க மணி என்னன்னு பாக்க மாட்டீங்களா?"

மறுநாள் வேலைக்கு வந்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். கணினியின் கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் சில தகவல்களை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். எந்த மொழி, எந்தக் கோப்புறை, எந்த ஊர் நேரம் என்பது போல. என்விரான்மென்ட் வேரியபிள் என்பது அதுதான். நேரத்துக்கான வேரியபிளில் அவர் மகள் இருக்கும் ஊரை எழுதினார். ஜன்னல் திறக்கும்போதெல்லாம் தானாக அமையும்படி தன் தொடக்கக் கோப்பிலும் சேர்த்துவிட்டார். சர்வர் தன் நேரத்திலேயே ஓடியது. இவர் ஜன்னலில் மட்டும் மகளின் கடிகாரம். இங்கே காலை ஏழு என்றால் அதில் மதியம் ஒன்றரை காட்டும். வேலை நடுவில் நிமிர்ந்து பார்த்து, "இப்ப சாப்பிட்டிருப்பா" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். நாளாக ஆக மனதுக்குள் கழிப்பதுகூட நின்றுபோனது. ஒன்றரை என்று பார்த்தால் ஏழு என்றே மனதில் விழும்.

நோயாளிகளுக்கு முந்தின நாளே போன் போட்டு நேரம் சொல்லும் ப்ரோக்ராம் ஒருநாள் நின்றுபோனது. வழக்கமாக அது சர்வரோடு சேர்ந்து தானாகக் கிளம்பும். அன்றைக்குக் கிளம்பவில்லை. சிஸ்டம் சார் தன் ஜன்னலிலிருந்தே கையால் அதை ஓடவிட்டார். ஒரு ஜன்னலிலிருந்து கிளம்பும் ப்ரோக்ராம் அந்த ஜன்னலின் வேரியபிள்களையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். இது அவருக்குத் தெரியாத பாடமில்லை. ஓடவிட்ட பிறகு பட்டியலையும் சரிபார்த்தார். முதல் வரியில் ஒன்றரை மணி என்று இருந்தது. அவர் கண்ணுக்கு அது ஏழு. சரி என்று தலையாட்டிவிட்டு மூடினார்.

போன் வந்த பலர் ரிசப்ஷனுக்குத் திருப்பிக் கூப்பிட்டு, "என்னம்மா, என் நேரத்த மாத்திட்டீங்களா?" என்று சண்டை பிடித்தார்கள். சிலர் பழக்கத்தில் பழைய நேரத்துக்கே வந்து நின்றார்கள். டிரைவர் ஐயா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு நோயாளி மட்டும் சொன்னபடி செய்தார். ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டியவர், சொன்ன நேரம் அவருக்குச் சட்டம். மறுநாள் ஒன்றரை மணிக்குச் சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு வந்து நின்றார்.

"ஏழு மணிக்கு வரவேண்டியவரு இப்ப வந்து நின்னா எப்படிய்யா? மெஷின் எதுவும் காலி இல்ல. நாளைக்கு முதல் ஆளா வந்துடுங்க" என்றார் தலைமை சிஸ்டர்.

"ஒன்றரை மணின்னுதாம்மா போன்ல சொல்லுச்சு."

"என் கம்ப்யூட்டர்ல ஏழுன்னுதான் இருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா ஐயா?"

அன்று இரவே அவருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் கொண்டுவந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள்.

நேரக் குழப்பத்தைத் தேடிப் போன சிஸ்டம் சார் காலையில் அதைத் தன் ஜன்னலிலேயே கண்டுபிடித்தார். வேரியபிளை அழித்தார், தொடக்கக் கோப்பிலும் அந்த வரியை நீக்கினார், ப்ரோக்ராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். பெரிய டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னார். டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"சரி பண்ணிட்டீங்கல்ல? அவருக்கும் இப்ப ஆபத்து இல்ல. மிஷின் கோளாறுன்னு விட்டுடுங்க. வெளிய போய் எதுவும் பேச வேண்டாம்."

சிஸ்டம் சார் விட்டிருப்பார். வார்டு பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் போனார். உள்ளே டிரைவர் ஐயாவின் மனைவி தலைமை சிஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இவருக்குப் புத்தி தடுமாறுதும்மா. ஏழுன்னு சொன்னது ஒன்றரைன்னு கேட்டிருக்கு. இனிமே வெளிய தனியா விடப்போறதில்ல. மருந்து டப்பாவையும் நானே வச்சுக்கிறேன்."

டிரைவர் ஐயா தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சிஸ்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்து, அந்த அம்மா தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் சிஸ்டம் சார் கட்டில் அருகே போய் நின்றார்.

"ஐயா, நான் இங்க கம்ப்யூட்டர் பாக்குறவன். உங்க காதுல எந்தக் குறையும் இல்ல. போன் ஒன்றரை மணின்னுதான் சொல்லுச்சு. என் பொண்ணு இருக்கிற ஊர் நேரத்த என் திரையில வச்சிருந்தேன். அங்கிருந்தே ப்ரோக்ராமை ஓடவிட்டுட்டேன். தப்பு என்னோடது."

டிரைவர் ஐயா ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

"அப்ப நான் குழம்பல?"

"இல்லய்யா."

"நெசமா?"

"நெசமாய்யா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வையப் போகிறார் என்று சிஸ்டம் சார் காத்து நின்றார்.

"ராத்திரி பூரா மூச்சு கூட எனக்குப் பெருசா படல தம்பி," என்றார் டிரைவர் ஐயா. "மூளை போயிடுச்சேன்னுதான் பயந்து கெடந்தேன். நீ செஞ்சது பெரிய தப்பு. அத அப்புறம் பேசிக்கலாம். அவ வருவா. அவகிட்டயும் இத ஒரு தடவ சொல்லு. சத்தமா சொல்லு, சிஸ்டருக்கும் கேக்கணும்."

தண்ணீர் பாட்டிலோடு அந்த அம்மா வந்தார். சிஸ்டம் சார் முதலிலிருந்து ஆரம்பித்தார்.