கை டீக்குப் போகும் இடம்

சொந்தப் பெயரைச் சொன்னால் சினிமாக்காரர்களுக்கு அவரைத் தெரியாது. 'கத்தரி' என்றால் தெரியும். எடிட்டர். எப்பேர்ப்பட்ட இழுவைப் படத்தையும் ஓட வைத்துவிடுவார், வாய்க்கொழுப்பும் அதற்குத் தக்கபடி இருக்கும். பக்கத்தில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு காட்சியை ஓட விடுவார். கை தானாக டீக்குப் போனால் அந்த இடத்தில் வெட்டு. ஜனங்களுக்கும் அங்கேதான் கொட்டாவி வரும் என்பார். வெட்டியதை அன்றைக்கே அழித்தும் விடுவார். இல்லாவிட்டால் இயக்குநர்கள் மனசு மாறி வந்து உயிரை வாங்குவார்களாம். இந்தப் பெருமையை வீட்டில் எல்லோரிடமும் அளந்திருந்தார்.

அவரைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அக்கா புருஷன். அத்தானுக்கு நடிப்புப் பைத்தியம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், கத்தரி எடிட் செய்யவிருந்த ஒரு படத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு காட்சி வாங்கினார். மகன் செத்த சேதி கேட்ட அப்பா கதவைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துழாவி எடுத்து, மெல்ல நடந்து வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அத்தான் கண்ணாடியைத் துழாவும்போதே கத்தரியின் கை டீக்குப் போய்விட்டது. இது மட்டும் இருக்கட்டுமே என்று இயக்குநர் கெஞ்சிப் பார்த்தார். சொந்தக்காரர் என்பதற்காகப் படத்தைச் சாகடிக்க முடியாது என்றார் கத்தரி. படத்தில் மிஞ்சியது கதவின் கைப்பிடியைத் திருகும் ஒரு கை, அடுத்த நொடி சவ ஊர்வலம். மற்றதெல்லாம் அன்றைக்கே போயிற்று.

படம் வருவதற்குள் அத்தான் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகளோடு தியேட்டருக்குப் போன அக்கா, இதோ அப்பா வருவார், இதோ வருவார் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். படம் என்ன வேகம் என்று வெளியே எல்லோரும் மெச்சினார்கள்.

மறுநாள் அக்கா எடிட்டிங் அறைக்கு வந்தாள்.

"வெட்டினத ஒரு தடவ போட்டுக் காட்டுப்பா. வீட்ல போட்டோதான் இருக்கு. அவர் நடக்கறதப் பாத்துட்டுப் போயிடறேன்."

அழித்தாயிற்று என்றார். அக்கா திட்டவில்லை. வீட்டுக் கூடத்தில் அத்தான் அந்த நடையை எத்தனை நாள் நடந்து பழகினார், வேகமாகப் போகிறேனா என்று எத்தனை முறை கேட்டார் என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. கத்தரிக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவருடைய கை டீக்குப் போயிருந்தது.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள். பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, கிளாஸை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"குடிப்பா. நான் முடிச்சிட்டேன்."